மஞ்சள் விளக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கால்களும்

"கம்ப்யூட்டருக்கு மறந்துபோச்சுன்னா அது யாரைக் கேட்கும்?"

சர்வரம்மாவின் மகள் ஐந்து வயதில் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு இப்படிக் கேட்டாள்.

"அதுக்கு வேற வீட்ல ஒரு தம்பி இருக்கான். அவனைக் கேட்கும்."

"தம்பிக்கும் மறந்துட்டா?"

"மறக்க மாட்டான். அம்மா பாத்துக்குவேன்."

குழந்தை நம்பிவிட்டது. அம்மாவும் நம்பிவிட்டாள். வருத்தம் அங்கேதான் தொடங்கியது.

சர்வரம்மா என்பது ஊர் வைத்த பெயர். பெரிய கம்பெனிகள் தங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒரு படையையே வைத்திருக்கும். சின்னத் தொழில்களுக்கு அந்த வசதி கிடையாது. அப்படிப்பட்ட எட்டு இடங்களுக்கு அவள் ஒருத்தி. ஒரு அச்சகம், இரண்டு மருத்துவமனைகள், ஒரு மரக்கடை என்று வாரம் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுவாள். ஷூ பட்டறையில் முதல் நாள் அவளை அறிமுகப்படுத்தியபோது ஷூ அச்சு செதுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அச்சு மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சர்வரா? அப்ப எனக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்றார். அவள் சிரித்துவிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அது சாதாரண ஷூ பட்டறை இல்லை. கடையில் தொங்கும் எந்தச் செருப்பும் பொருந்தாத கால்களுக்கு அங்கே ஷூ செய்தார்கள். ஒரு கால் மூன்று விரற்கடை குட்டையானவர்கள், பாதம் உள்பக்கம் வளைந்து பிறந்தவர்கள், சர்க்கரை நோய்க்கு விரல்களைக் கொடுத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். வந்தவர் கண்ணாடிப் பலகைமேல் பாதத்தை வைத்தால் ஸ்கேனர் அதன் மேடு பள்ளம் எல்லாவற்றையும் எடுத்து சர்வரில் போட்டுவிடும். அந்த அளவை வைத்து மெஷின் ஒரு பிளாஸ்டிக் கட்டியிலிருந்து கால் அச்சைச் செதுக்கும். அச்சைச் சுற்றித் தோல் தைக்கப்படும். ஒருமுறை அளவு கொடுத்தவர் மறுபடி வரத் தேவையில்லை. வீட்டிலிருந்தே போன் செய்தால் அடுத்த ஜோடி போய்ச் சேரும். நடக்கவே சிரமப்படுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! அந்தப் பட்டறை பெயர் வாங்கியதே அதனால்தான்.

முன்பெல்லாம் செய்த அச்சுகளை ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளி சுவரைக் காலி செய்து, வருகிறவர்கள் உட்கார சோபா போட்டார். அன்றிலிருந்து ஷூ முடிந்ததும் அச்சை அரைத்து மறுபடி கட்டியாக்கிவிடுவார்கள். "எல்லாக் காலும் இதுக்குள்ள இருக்கு. எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் நின்ற சர்வரைத் தட்டிக் காட்டினார்.

அந்தத் திங்கட்கிழமை காலை சர்வர் எழுந்திருக்கவில்லை.

விடுமுறையில் மின்சாரம் எகிறியிருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்று போனால் மற்றது தாங்கட்டும் என்று போட்டவை. இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே இருந்தன! இரண்டும் சேர்ந்தே போயின. மூடியைத் திறந்ததும் கருகல் வாடை சர்வரம்மாவின் மூக்கில் ஏறியது.

"பேக்கப் இருக்குல்ல? அப்புறம் எதுக்கு முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார் முதலாளி.

இருந்தது. அதுவும் அவள் போட்ட திட்டம்தான். சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று வெளி டிஸ்க்குகள் இருந்தன. தினமும் ஒன்றில் நகல் எடுக்கப்படும். மாலையில் அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, பேக்கிங் அக்கா தன் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கொண்டுபோவாள். மறுநாள் காலை வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டுவாள். பட்டறை தீப்பிடித்தாலும் ஒன்று வெளியே பத்திரமாக இருக்கும். பேக்கிங் அக்காவை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்றால், முதலில் வருவதும் கடைசியில் போவதும் அவள். பதினோரு வருஷத்தில் அவள் எடுத்த லீவை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சர்வரம்மா கடனுக்கு வேறொரு சர்வர் பெட்டியைக் கொண்டுவந்து, நீல டிஸ்க்கை மாட்டினாள். பதினொரு மணிக்குள் ஆர்டர்கள் திரும்பின, முகவரிகள் திரும்பின, கணக்குகள் திரும்பின. முதலாளி காலை ஆட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் 'கால் அளவுகள்' என்ற போல்டரைத் திறந்தாள். கடைசிக் காலின் தேதியைப் பார்த்தாள். மற்ற இரண்டு டிஸ்க்கையும் மாட்டிப் பார்த்தாள். மூன்றிலும் அதே தேதி. ஒரு வருஷம் இரண்டு மாசத்துக்கு முந்தைய தேதி.

"அதுக்கு அப்புறம் எடுத்த அளவு எதுவும் இதுல இல்ல, சார்."

"எத்தனை பேர்?"

ஆர்டர் பட்டியலில் எண்ணிப் பார்த்தாள். "நானூத்திப் பன்னெண்டு."

முதலாளி எழுந்தார். சர்வரம்மாவிடம் வரவில்லை. பேக்கிங் மேசைக்குப் போனார். அக்கா ஒரு ஷூவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க்கை வீட்ல எங்க வெப்பே?"

"பீரோவுல, முதலாளி. துணிக்கு நடுவுல."

"அடுப்புப் பக்கத்துல வெச்சியா?"

"இல்லீங்க."

"பசங்க எடுத்து விளையாடினாங்களா?"

"எங்க வீட்ல பசங்களே கிடையாதுங்க."

"அப்ப பஸ்ல கீழ போட்டிருக்கே. கேட்டா ஒத்துக்க மாட்டே."

பட்டறையில் தட்டும் சத்தம், தைக்கும் சத்தம் எல்லாம் நின்றுபோயின. சர்வரம்மா நடுவில் போய் நின்றாள்.

"சார், என்ன பேசுறீங்க? கீழ விழுந்த டிஸ்க்ல கணக்கு மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கும்? கால் எது, கணக்கு எதுன்னு பாத்துப் பாத்தா உடையும்?"

"நீங்க குறுக்க வராதீங்க. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட இதைக் கொடுத்ததே தப்பு." அக்காவின் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "நாளையிலேருந்து நீ வர வேணாம்."

அக்கா சர்வரம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பாதி சுற்றிய ஷூவை மேசைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

சர்வரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாதுவான பெண்தான். காலையில் கண்ணை மூடி, இன்று யார் மனசும் என்னால் நோகக்கூடாது என்று வேண்டிக்கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள். அன்றைக்கு அந்த வேண்டுதல் எந்தப் பக்கம் போயிற்றோ!

"நான் எழுதிக் கொடுத்த திட்டம் உங்க மேசை டிராயர்ல இருக்கா சார்? படிச்சீங்களா? மாசம் ஒருநாள், ஒரே ஒரு காலோட அளவை டிஸ்க்லேருந்து எடுத்து, மெஷின்ல செதுக்கிப் பாக்கணும்னு எழுதியிருந்தேன். நகல் எடுத்தா மட்டும் போதாது, திரும்பி வருதான்னு பாக்கணும்னு. நீங்க என்ன சொன்னீங்க? 'வேலை நேரத்துல விளையாட்டா'ன்னீங்க!"

"சொன்னேன். அதுக்கு?"

"தினமும் காலையில உங்களுக்கு ஒரு மெயில் வருமே, என்ன நகல் ஆச்சு, எது விட்டுப்போச்சுன்னு. அதை ஒருநாளாவது திறந்தீங்களா? பெரிய டிஸ்க் வேணும்னு கேட்டா அடுத்த மாசம், அடுத்த மாசம். ஷூ அச்சையும் மிச்சம் வெக்காம அரைச்சாச்சு. உக்கார சோபா கிடைச்சது! இப்ப கொண்டுபோய்ப் பழியைப் போடுறதுக்கு, பேப்பர் சுத்துற ஒரு பொம்பளை!"

"பேசி முடிச்சாச்சா?" முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இன்னும் எத்தனை பேர் போன் பண்ணுவாங்க தெரியுமா? 'உங்க கால் எங்ககிட்ட இல்ல, தொலைச்சிட்டோம்'னு நான்தானே சொல்லணும்? நீங்களா சொல்வீங்க? சரி. அவ தப்பில்லன்னு உங்களுக்கு அவ்வளவு தெரியும்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல காட்டுங்க. நானே அவளைக் கூப்பிடுறேன். இல்லேன்னா சனிக்கிழமை அந்த மேசைக்கு வேற ஆள்."

"காட்டுறேன்."

"காட்டுங்க!"

அச்சு மாமா ஓரத்திலிருந்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரும் தண்ணி குடிங்க. சத்தத்துல என் மெஷினே பயந்து நின்னுடுச்சு."

சர்வரம்மா மூன்று டிஸ்க்குகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் சர்வரம்மா வீட்டிலேயே உட்கார்ந்து பதிவுகளைப் புரட்டினாள். பேக்கப் தினமும் என்ன செய்தது என்ற குறிப்பும் அந்த டிஸ்க்குகளிலேயே இருந்தது. அதை அச்செடுத்து முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். நீட்டும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட மனசில் தயாராக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, அதிகம் சுடுவதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

அந்தத் தேதி வந்தது. ஒரு வியாழக்கிழமை. மாலை ஆறு நாற்பத்திரண்டு. நகல் எடுக்க வேண்டிய பட்டியலிலிருந்து 'கால் அளவுகள்' நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் யார் என்ற இடத்தில் இருந்தது அவளுடைய பெயர்.

அவள் திரையை நகர்த்தினாள். மறுபடி மேலே கொண்டுவந்தாள். பெயர் மாறவில்லை.

அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த மாதம்தான் புது ஸ்கேனர் வந்தது. பழைய ஸ்கேனரின் ஒரு காலைவிடப் புது ஸ்கேனரின் ஒரு கால் பத்து மடங்கு இடம் பிடித்தது. டிஸ்க் நிறைந்து, அன்று மாலை நகலே ஓடாமல், சர்வரில் நகலுக்கென்று வைத்த விளக்கு சிவப்பாக எரிந்தது. பள்ளி வாசலில் மகள் ஒண்டியாகக் காத்திருந்தாள். வாட்ச்மேன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். 'இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இதை விட்டுடுவோம். கணக்காவது நகலாகட்டும். நாளைக்கு வந்து சேத்துடலாம்' என்று ஒரு டிக்கை எடுத்தாள். மறுநாள் மரக்கடையில் வேறொரு தலைவலி. இரண்டு மாதம் கழித்து முதலாளி பெரிய டிஸ்க்குகளை வாங்கிக் கொடுக்கத்தான் செய்தார். பழையதை எல்லாம் அவற்றில் ஏற்றிவிட்டு, எவ்வளவு இடம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள். எடுத்த டிக் எடுத்தபடியே கிடந்தது.

கோபம் எப்போதும் அடுத்தவர் வீட்டுக் கதவைத்தான் தேடிப்போய்த் தட்டும். தன் வீட்டுக்குள் திரும்பி வந்தால் அதற்கு உட்கார இடம் இருக்காது. சர்வரம்மா கண்ணை மூடிப் பார்த்தாள். வேண்டுதல் வரவில்லை. 'அந்த ஆள் ஆரம்பத்துலயே வாங்கிக் கொடுத்திருந்தா' என்பதுதான் வந்தது. 'ஒரு மெயிலைத் திறந்து பாத்திருந்தா' என்பது வந்தது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் எதுவும் அந்தப் பெயரை அழிக்கவில்லை.

அழிக்க அவளால் முடியும். அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவள் அந்தப் பட்டறையில் அவள் ஒருத்திதான். இரண்டு பொத்தான் போதும். 'டிஸ்க்கில் பிழை, யார் தப்பும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் அக்காவுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த எண்ணம் எவ்வளவு இதமாக இருந்தது என்பதைக் கண்டுதான் அவள் பயந்தாள்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பேக்கிங் அக்கா சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து, கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்குப் போகிற நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆளுக்கு வரும் ஒரு கூச்சம் அவளிடம் இருந்தது.

"வாங்கம்மா. உக்காருங்க."

"அக்கா, தப்பு யாருதுன்னு தெரிஞ்சுடுச்சு."

"எனக்கும் தெரியும்."

அக்கா எழுந்து பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"எந்த டிஸ்க்கு என்னிக்கு மாட்டினேன்னு குறிச்சு வெக்கச் சொன்னீங்கல்ல? வெளக்கு என்ன கலர்ல எரிஞ்சதுன்னு நானாச் சேத்துக்கிட்டேன்."

ஒவ்வொரு வரியிலும் தேதி, டிஸ்க்கின் நிறம், விளக்கின் நிறம். சிவப்பு, பச்சை. நீலம், பச்சை. கறுப்பு, பச்சை. அந்த வியாழக்கிழமைக்கு மறுநாளிலிருந்து பச்சை இல்லை. மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பக்கம் பக்கமாக மஞ்சள். 'எல்லாம் நகலானால் பச்சை, ஏதாவது விட்டுப்போனால் மஞ்சள், எதுவுமே ஆகாவிட்டால் சிவப்பு' என்று அந்த விளக்கை அமைத்தவளும் சர்வரம்மாதான்.

"ரெண்டு தடவ போன் பண்ணேன்" என்றாள் அக்கா.

பண்ணினாள். சர்வரம்மாவுக்கு இப்போது அந்தக் குரல்கூடக் காதில் கேட்டது. முதல் தடவை எங்கேயோ சிக்னலில் நின்றுகொண்டு, "மஞ்சள்னா பரவால்லக்கா, செவப்பு வந்தா மட்டும் கூப்பிடுங்க" என்று சொன்னாள். இரண்டாம் தடவை, "அதான் அன்னிக்கே சொன்னேன்லக்கா" என்று சொன்னாள்.

"நேத்து ஏன்க்கா சொல்லல? அவர் அவ்வளவு பேசும்போது இந்த நோட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"எப்படிச் சொல்றது? நீங்க எனக்காகக் குறுக்க நின்னு கத்திக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பட்டறையில எனக்காக யாரும் அப்படிக் கத்தினதில்ல. அந்த நேரத்துல உங்களைக் காட்டிக் கொடுக்க வாய் வரல." அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுக்காக எனக்குக் கோபம் இல்லன்னு நெனச்சுக்காதீங்க. ராத்திரி பூரா கோபந்தான். அவர் மேல இருந்ததைவிட உங்க மேல ஜாஸ்தி. அவர் எப்பவும் அப்படித்தான், பழகிடுச்சு. நீங்க 'இருங்கக்கா, வந்து பாக்குறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிக்காதவ சொல்றா, இவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சீங்க. அப்படித்தானே?"

சர்வரம்மா இல்லை என்று சொல்லப் பார்த்தாள். ஆனால் அது பொய்யாகிவிடும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நோட்டை நீங்களே வெச்சுக்குங்க. கிழிச்சுப் போடணும்னாலும் போடுங்க. உங்களுக்கும் ஒரு கொழந்தை இருக்கு" என்றாள் அக்கா. பிறகு, கோபம் இன்னும் அடங்காத குரலிலேயே, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

சர்வரம்மா குடித்தாள். சில சமயம் கடவுள் ஒரு டம்ளர் தண்ணீராகத்தான் கைக்கு வருகிறார்.

புதன்கிழமை காலை, எல்லாரும் வந்த பிறகுதான் அவள் பட்டறைக்குப் போனாள். வேண்டுமென்றே அப்படிப் போனாள். அக்காவைத் திட்டியது எல்லார் முன்னாலும்தானே. பதிவின் நகலையும் நோட்டையும் முதலாளியின் மேசைமேல் வைத்தாள்.

"கால் அளவை நகல்லேருந்து எடுத்தது நான். ஒரு ராத்திரிக்குன்னு எடுத்தேன், திரும்பச் சேக்க மறந்துட்டேன். விளக்கு மஞ்சளா எரியுதுன்னு அக்கா எனக்கு ரெண்டு தடவ சொன்னாங்க. நான் காதுல வாங்கல. தினமும் எழுதி வெச்சிருக்காங்க, பாருங்க. இந்தப் பட்டறையில தன் வேலையை ஒழுங்காச் செஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான்."

முதலாளி நோட்டைப் புரட்டினார். பத்துப் பக்கம் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சிவந்தது.

"முந்தாநாள் என்னை என்னென்ன பேசினீங்க! இத்தனை பேர் முன்னாடி! அடுத்த மாசம் அடுத்த மாசம்னேனாம். நான் டிஸ்க் வாங்கிக் கொடுக்கல?"

"கொடுத்தீங்க சார். அதைச் சொன்னது என் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

"மன்னிப்பை வெச்சு நான் ஷூ தைக்கவா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, இடத்தைக் காலி பண்ணுங்க!"

"பண்றேன். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்." அவள் குரலும் உயர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் நியாயம் கேட்கும் உரிமை போய்விடாது என்று அவளுக்குத் தோன்றியது. "நானூறு மெயில்ல மஞ்சள்னு எழுதியிருந்தது, அதை நீங்க திறக்கல. மாசம் ஒருநாள் சோதிச்சிருந்தா பதிமூணு மாசம் முன்னாடியே என் தப்பு மாட்டியிருக்கும். மனுஷங்க மறப்பாங்கன்னுதான் அதை எழுதினேன். என்னையும் சேத்துத்தான் எழுதினேன். இது ஒண்ணு. ரெண்டாவது, அக்காவைக் கூப்பிடுங்க. என்னைக் கூப்பிடச் சொல்லாதீங்க. அனுப்பினது நீங்க."

முதலாளி போனை எடுத்தார். எண்ணைக் குத்திய விதத்தில் போன் உடைந்திருக்க வேண்டும். மறுமுனை எடுத்ததும் மூச்சை இழுத்து விட்டார்.

"நான்தான். ... ஆமா. ... தப்பு உன்... உங்க மேல இல்ல. வந்துடுங்க." கொஞ்சம் கேட்டார். "திங்கட்கிழமையா? ஏன், இன்னிக்கே வந்தா என்ன? ... சரி. சரிம்மா. திங்கட்கிழமை." போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாலு நாள் ரெஸ்ட் எடுத்துக்குறாங்களாம். பதினோரு வருஷமா எடுக்காததாம்."

அச்சு மாமா ஓரத்தில் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு கேக்கலாமா? கால் எல்லாம் போச்சு போச்சுங்கறீங்க. நான் செதுக்கின கால் என் மெஷினுக்கு ஞாபகம் இருக்காதா? அதுக்குள்ள ஒரு கார்டு மாதிரி சொருகியிருக்கு. வந்த நாள்லேருந்து யாரும் துடைச்சதில்ல."

சர்வரம்மா அவரையே பார்த்தாள். "மாமா, இதை ஏன் திங்கட்கிழமையே சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் என்னை எங்க பேச விட்டீங்க?"

கார்டை மெஷினிலிருந்து கழற்ற முடியாது. மெஷினை நிறுத்தி வைத்து, மெதுவாக, ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். வேலை நாளில் அதை நிறுத்த முதலாளி சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, மாற்றுச் சாவியை மேசைமேல் தள்ளினார். "இது முடியட்டும். அப்புறம் உங்களை வெச்சுக்கறதா வேணாமான்னு பேசலாம்."

"சரி சார்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் பட்டறைக் கதவைத் திறந்தாள். உள்ளே தோல் வாடையும் பசை வாடையும் அப்படியே தேங்கியிருந்தன. மெஷினோடு கம்பியை இணைத்து நகலெடுக்கத் தொடங்கினாள். முதல் கால் வர ஒரு நிமிஷம் ஆனது. வந்ததைத் திறந்து பார்த்தாள். குதிகால், வளைவு, இல்லாத சுண்டுவிரல் எல்லாம் முழுசாக இருந்தன. எண்ணிக்கையைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று எழுபது மெஷினிடம் இருந்தன. மற்றவை அளவெடுத்தும் இன்னும் செதுக்கப்படாதவை. மீதி நாற்பத்திரண்டு பேர் வீட்டுக்கும் ஸ்கேனரைத் தானே தூக்கிக்கொண்டு போய் அளவெடுப்பது என்று அப்போதே முடிவு செய்தாள். அவர்களைப் பஸ் ஏறி வரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆறு மணி நேரம் ஆகும் என்றது திரை. அவள் ஒரு தாளை எடுத்துத் திட்டத்தைப் புதிதாக எழுதினாள். மூன்று நகல், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. மாதத்தின் முதல் நாள் பேக்கிங் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைத் தொட வேண்டும். அந்தக் கால் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும், மெஷினில் செதுக்கப்பட வேண்டும், அச்சு மாமா கையில் பிடித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பட்டியலிலிருந்து எதையாவது எடுத்தால், எடுத்தவர் பெயரையும் திரும்பச் சேர்க்கும் நாளையும் சுவரில் எழுத வேண்டும். மஞ்சள் எரிந்தால் அன்றே வந்து பார்க்க வேண்டும், யார் சொன்னாலும். கடைசி இரண்டு சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் பேக்கிங் மேசை கண்ணில் பட்டது.

ஐந்து நாளாக முடித்த ஷூக்களை எல்லாரும் அங்கே கொண்டுவந்து குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜோடிகூடச் சேர்க்கவில்லை. மேசைக்குக் கீழே, நாற்காலிமேல், ஜன்னல் விளிம்பில் எல்லாம் ஷூ. திங்கட்கிழமை காலை அக்கா வந்ததும் பார்க்கப்போவது இதைத்தான். தன் பெயரை மீட்டுக்கொண்டு வருகிறவளுக்கு இந்த மலையா வரவேற்பு!

சர்வரம்மாவுக்கு மறுபடி கோபம் வந்தது. ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று இரண்டு அடி நடந்தாள். பிறகு, தோன்றியது தனக்குத்தானே, அப்புறம் என்ன என்று நின்றாள்.

எப்படி அடுக்குவது என்று அவளுக்குத் தெரியாது. அலமாரியிலிருந்து அக்கா ஏற்கெனவே கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்து, எந்த மடிப்பும் கலையாமல் திறந்தாள். சாதாரண ஷூப்பெட்டி மாதிரி இல்லை. இரண்டு காலும் ஒரே அளவில்லாததால், பெரியது அடியில், குதி சுவரைத் தொடும்படி படுத்திருந்தது. சின்னதைச் சுற்றிய காகிதம் அதற்குத் தக்கபடி கனமாக இருந்தது. உள்ளே முன்பக்கம் குழிந்துவிடாமல் காகித உருண்டை. நாடாக்களின் முனை உள்பக்கம் செருகியிருந்தது, திறக்கிறவர் குனிந்து தேடக்கூடாது என்று. பதினோரு வருஷமாக ஒருத்தி முகம் தெரியாதவர்களுக்காக இத்தனை யோசித்திருக்கிறாள். அவளைப் 'பேப்பர் சுத்துற ஒரு பொம்பளை' என்று சொன்னது வேறு யாருமில்லை, திங்கட்கிழமை அவளுக்காகப் பரிந்து பேசிய இதே வாய்தான்.

முதல் மூன்று பெட்டிகள் கோணலாக வந்தன. பிரித்து மறுபடி கட்டினாள். நான்காவதில் கை பிடிபட்டது. எண்ணைப் பார்த்து ஜோடி சேர்த்தாள். சுற்றினாள், செருகினாள், மூடினாள். எண் வெளியே தெரியும்படி அடுக்கினாள். நடுநடுவே போய்த் திரையைப் பார்த்தாள். நூறு கால் வந்திருந்தது. நூற்றைம்பது வந்திருந்தது. இடுப்பு வலித்தது. காகிதம் விரல்நுனியை இரண்டு இடத்தில் கீறியது. ஏதோ ஒரு பெட்டிக்கு நடுவில், ஐந்து நாளாக வராமலிருந்த வேண்டுதல் தானாக வந்து உதட்டில் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

கடைசிக் கால் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்து மேசைமேல் விழுந்திருந்தது. மேசை வெறுமையாக இருந்தது. அறுபத்தொரு பெட்டிகள் அலமாரியில் நின்றன. அக்காவின் கட்டுக்கும் தன் கட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். தெரிந்த இரண்டைச் சரி செய்தாள். தரையில் கிடந்த காகிதத் துண்டுகளைக் குனிந்து ஒன்றுவிடாமல் பொறுக்கினாள், குப்பைக் கூடையைக் காலி செய்தாள், நாற்காலியை இருந்த இடத்தில் இருந்த சாய்வில் வைத்தாள். கதவைப் பூட்டி, சாவியைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் படியிறங்கினாள்.